திறந்து பார்த்த நகல்கள்

1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6.0இல் பேக்கப் எடுக்கத் தனி மென்பொருள் ஒன்று சேர்ந்தே வந்தது. முதல்முறை திறந்ததும் அது நேரே வேலையில் இறங்காது. சோதனைக்கென்று ஃபிளாப்பி கேட்கும். கொஞ்சம் கோப்புகளை அதில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போன பிறகுதான் இந்தக் கணினியில் எடுக்கும் பேக்கப்பை நம்பலாம் என்று சொல்லும். மெனுவில் பேக்கப், ரீஸ்டோர் ஆகியவற்றோடு 'கம்பேர்' என்ற பொத்தானும் இருந்தது. திருவல்லிக்கேணியில் நான் டிடிபி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதை யாரும் அழுத்திப் பார்த்ததில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 40 எம்பி ஹார்ட் டிஸ்க்கைச் சுருக்காமல் 1.44 எம்பி ஃபிளாப்பிகளில் இறக்கினால் முப்பதுக்குக் கிட்ட வரும். ஒப்பிட்டுப் பார்க்க அத்தனையையும் மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய புத்தகம் மேஜையில் இருக்கும்போது யாருக்கு அதற்கு நேரம்? பேக்கப்பின் வரலாறு என்றால் டிஸ்க்கின் கொள்ளளவு வளர்ந்த கதையைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், எடுத்த நகலைத் திறந்து பார்ப்பது எப்போது எளிதானது என்பதுதான் அதைவிட முக்கியமான கதை.

அந்தக் கதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தொடங்குகிறது. அங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், யூனிக்ஸ் சர்வரில் உள்ள கோப்புகளைத் தன் டாஸ் கணினியிலிருந்தே திறக்க வழி தேடினார். இரண்டுக்கும் நடுவே கம்பியில் ஓடிய தகவல்களைக் கவனித்து, 1992 ஜனவரியில் முதல் நிரலை வெளியிட்டார். பிறகு சாம்பா என்று பெயர் பெற்றது அதுதான். 1996இல் அவரும் பால் மெக்கராஸும் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலை எழுதினார்கள். பெரிய கோப்பில் மாறிய துண்டை மட்டும் கண்டுபிடித்து அனுப்புவது அதன் கெட்டிக்காரத்தனம். இரண்டும் இலவசம். சென்னை ரிச்சி தெருவில் பழைய பென்டியம் பெட்டியை வாங்கி, லினக்ஸ் போட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் வீட்டிலேயே ஒரு ஃபைல் சர்வர் தயார். இன்று கடையில் விற்கும் சின்னச் சின்ன நாஸ் (வலைச் சேமிப்பு) பெட்டிகளிலும் பெரும்பாலும் இவை இரண்டும் உள்ளே இருக்கின்றன.

ஆர்சிங்க்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் வேறுமாதிரி சொல்லாவிட்டால், அது கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும்தான் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே படிக்காமலே அடுத்ததற்குப் போய்விடும். சர்வர் டிஸ்க்கில் ஒரு கோப்பு தானாகக் கெட்டிருந்தால் அளவும் மாறாது, நேரமும் மாறாது. ஒவ்வோர் இரவும் எல்லாம் சரி என்றே பதிவேடு சொல்லிக்கொண்டிருக்கும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சத்தைப் பார்க்கச் சொல்லும் கட்டளையைச் சேர்த்தால்தான் இரண்டு பக்கமும் முழுதாகப் படிக்கும். வேலை மந்தமாகும், ஆனாலும் நான் அதை விடுவதில்லை. காரணம், 2007இல் செர்ன் ஆய்வகம் தன் கோப்புகளை இப்படிப் படித்துச் சரிபார்த்தபோது ஏறக்குறைய 1,500க்கு ஒன்று சத்தமில்லாமல் கெட்டிருந்தது. சன் நிறுவனம் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்தது இந்த ஆபத்துக்காகத்தான்.

அதே 2007இல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஹோம் சர்வர் வந்தது. வீட்டில் உள்ள பத்துக் கணினிகள் வரை இரவில் தானே பேக்கப் எடுக்கும். ஒரே தகவல் பல கணினிகளில் இருந்தால் ஒருமுறை மட்டும் சேமிக்கும். அருமையான யோசனை. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் உள்ள பெட்டிகளில், சர்வரில் இருந்தபடியே திருத்திய சில கோப்புகள் கெட்டுப்போவது அந்த டிசம்பரில் தெரியவந்தது. திருத்தம் வர 2008 ஜூலை ஆகிவிட்டது. காப்பாற்ற வைத்த பெட்டியே கோப்பைக் கெடுக்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்!

2009இல் டிஸ்க்டுவிஹெச்டி என்ற சின்ன நிரல் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கணினியை அப்படியே ஒரே கோப்பாக்கி சர்வரில் வைக்கலாம். அந்தக் கோப்பை வேறொரு கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் மாட்டினால், அதே கணினி ஒரு ஜன்னலுக்குள் உயிரோடு எழுந்து நிற்கும். இப்படி ஒரு வழி இல்லாவிட்டால் ரீஸ்டோரைச் சோதிக்க இன்னொரு ஹார்ட் டிஸ்க்காவது வேண்டும்; ஓடுகிற கணினியில் சோதிக்க யாருக்கும் தைரியம் வராது. இதில் அந்தப் பயம் இல்லை.

கணினியையே முழுதாக நகலெடுத்து வைப்பது எங்கள் தொழிலுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பழைய சிடிக்கள் திரும்பி வந்தபோதுதான் விளங்கியது. ஒரு பதிப்பாளர் மறுபதிப்புக்காகத் தன் பழைய புத்தகங்களின் சிடிக்களைக் கொடுத்தார். எல்லாம் பிழையின்றி சர்வரில் இறங்கின. பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளில் திறந்தால் பக்கம் முழுக்க ரோமன் எழுத்துகளும், மேலே கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளும். ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. அந்தக் காலத்தில் தமிழ் ஃபான்ட் செய்தவர்கள் ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அடுக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, அரசு டாம், டாப் என்ற பொது அடுக்குகளை ஏற்ற பிறகும் பல டிடிபி கூடங்கள் பழைய ஃபான்ட்டை விடவில்லை. அந்தப் புத்தகங்களைச் செய்த கூடத்தார் சிடியில் எழுதியது டி டிரைவில் இருந்த வேலைகளை மட்டும். ஃபான்ட் சி டிரைவில் விண்டோஸோடு இருந்தது. அந்தக் கணினி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அச்சான பிரதியை வைத்துக்கொண்டு புத்தகம் முழுவதையும் மறுபடி டைப் செய்தார்கள். செக்சம் அத்தனையும் சரியாக இருந்த நகல் அது.

அதனால் என் வீட்டு சர்வரில் பேஜ்மேக்கரும் அந்தக் காலத்து ஃபான்ட்டுகளும் உள்ள விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று முழுதாக, ஒரே கோப்பாக இருக்கிறது. 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6தான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பு. அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. ஆனால் பழைய விண்டோஸை நெட்வொர்க்கில் விடுவது ஆபத்து: 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியதே விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு வழியாகத்தான். ஆகவே என் சர்வரில் அந்த வழியை மூடிவிட்டேன், எக்ஸ்பிக்கு நெட்வொர்க்கும் கிடையாது. கோப்புகளை ஐஎஸ்ஓ ஆக்கி, போலி சிடி டிரைவில் போட்டுத்தான் உள்ளே அனுப்புகிறேன்.

பழைய புத்தகக் கோப்பை அதில் திறந்ததும் ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுத்து அச்சுப் புத்தகத்தோடு வைத்துப் பார்ப்பேன். ஃபான்ட்டில் 160, 173 ஆகிய இடங்களில் உட்கார்ந்திருக்கும் எழுத்துகள்தான் முதலில் காணாமல் போகும். பல மென்பொருள்கள் முன்னதை வெற்றிடமாகவும் பின்னதை வரிமுடிவில் மட்டும் தெரியும் இணைப்புக்கோடாகவும் எடுத்துக்கொள்ளும். அவை எந்த எழுத்துகள் என்று ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் எழுதி வைத்திருக்கிறேன். அவை வரும் சொற்களைத்தான் முதலில் தேடிப் படிக்கிறேன்.