புதிய தொழிலாளர் கட்சியும் ஒரு 'லாம்' விகுதியும்

பொது உடைமையை இலக்காகக் கூறிய நான்காம் விதியை 1995இல் டோனி பிளேர் தலைமையில் மாற்றி எழுதிய பிரிட்டன் தொழிலாளர் கட்சி, 1997 முதல் 2010 வரை ஆண்டது. மனித உரிமைச் சட்டமும் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் 1998இல் அது அளித்தவை, நாம் மறுப்பதற்கில்லை. சர்ச்சைக்குரியவற்றிலோ ஆய்வு, கலந்தாய்வு என ஒத்திவைத்தே பழகியது. 2010 சமத்துவச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்குச் சான்று: சாதியை இனத்தின் ஒரு கூறாக அமைச்சர் ஆணையிட்டுச் சேர்க்க'லாம்'. சட்டம் நிறைவேறிய மறுமாதமே ஆட்சி போயிற்று. அடுத்து வந்த கூட்டணி ஆட்சியில், 2013இல், பிரபுக்கள் அவை விடாது வலியுறுத்தியதால் 'லாம்' என்பது 'வேண்டும்' ஆயிற்று. ஆணை பிறப்பிக்காமலே, நீதிமன்றத் தீர்ப்புகள் போதும் என்று 2018இல் பழமைவாத அரசு அறிவித்துவிட்டது. ஆகவே வழக்கிடும் தலித் தொழிலாளி, தன் சாதி 'இனத் தோற்றம்' என்பதற்குள் அடங்கும் என்பதைத் தானே முதலில் நிறுவ வேண்டும்.