இசைத்தட்டின் மறுபக்கம்

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் ஒட்டுப்பாலை யாரும் எறிவதில்லை. அதற்கும் நிறுவை உண்டு. இசைத்தட்டுத் தொழிலிலும் அப்படியொரு வரலாறு நடந்தது.

1945-இல் பெங்களூரில் பிறந்தவர் பித்து அப்பையா. 1960-களின் இறுதியில் இலண்டன் சென்றார். அங்கே சமையல் வேலை பார்த்துப் பிழைத்தார். பின்னர்ப் பாடல்களைத் தயாரித்து விற்கும் தொழிலில் இறங்கினார்.

1974-இல் கார்ல் டக்ளஸ் என்ற பாடகரைக் கொண்டு ஓர் இசைத்தட்டு தயாரித்தார். முன்பக்கப் பாடலுக்கே நேரமெல்லாம் போயிற்று. மறுபக்கத்தை நிரப்ப, எஞ்சிய சில நிமிடங்களில் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பதிவாயிற்று. கேட்டுப் பார்த்த கம்பெனி, அதையே முன்பக்கமாக்கியது. புரூஸ் லீ படங்களின் மோகம் பரவியிருந்த காலம் அது. அந்த நடனப் பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

பின்னர் நம்மவர் மொழிகளின் பக்கம் திரும்பினார். 1980-இல் ‘குர்பானி’ இந்திப் படத்தில் நாசியா ஹசன் என்ற பள்ளி மாணவியைப் பாட வைத்தார். 1981-இல் ‘டிஸ்கோ தீவானே’ இசைத்தட்டை வெளியிட்டார்.

மிச்ச நேரத்து வேலைதானே என்று அவர் அதை அரைகுறையாக விட்டிருந்தால், இந்த வரலாறே இல்லை.