சிறுவர் காசில் எழுந்த சின்னம்

நினைவுச் சின்னங்களின் வரலாற்றைப் புரட்டினால், மன்னர்களின் கருவூலமும் அரசுகளின் வரிப்பணமுமே பெரும்பாலும் கண்ணில் படும். ஜப்பானின் ஹிரோஷிமா நகரில், அமைதிப் பூங்காவில் ஒன்பது மீட்டர் உயரத்தில் நிற்கும் சிறுவர் நினைவுச் சின்னம் அவ்வகையைச் சார்ந்ததன்று. பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தார்கள், அது எழுந்தது.

1945 ஆகஸ்ட் 6 அன்று அந்நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது சடாகோ சசாகிக்கு வயது இரண்டு. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் குழந்தை உயிர் தப்பியது. வளர்ந்து, பள்ளியின் தொடர் ஓட்டத்தில் தன் வகுப்புக்குப் பெருமை தேடித் தந்த அச்சிறுமியை, 1955 தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய் படுக்கையில் வீழ்த்தியது. ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் எண்ணியது கைகூடும் என்பது ஜப்பானியர் மரபு. மருந்து சுற்றி வந்த காகிதத்தைக்கூட வீணாக்காமல் அவள் மடித்தாள். அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று, பன்னிரண்டாம் வயதில், கண் மூடினாள்.

644 கொக்குகளோடு அவள் கை ஓய்ந்தது என்னும் கதை, எலினோர் கோயர் 1977இல் வெளியிட்ட சிறுவர் நூலின் வழியே உலகெங்கும் பரவிற்று. ஹிரோஷிமா அருங்காட்சியகமும் அவளுடைய குடும்பத்தாரும் கூறுவதோ வேறு. ஆயிரத்தை முடித்த பின்னும் நோய் தீரவில்லை. எனினும் அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கதையைவிட இவ்வுண்மையே நெஞ்சை அதிகம் கனக்கச் செய்கிறது.

உடன் படித்த பிள்ளைகள் அழுததோடு அமையவில்லை. சடாகோவுக்கு மட்டுமன்றி, அணுகுண்டால் மாண்ட பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு சின்னம் வேண்டும் என்று துணிந்தனர். 1955 நவம்பரில் நாடெங்கிலுமிருந்து தலைமையாசிரியர்கள் மாநாட்டுக்காக ஹிரோஷிமாவில் கூடியபோது, உதவி கோரும் துண்டறிக்கைகளை அவர்கள் கையில் கொடுத்தனர்.

அன்றைய சூழலை எண்ணினால்தான் இச்செயலின் அருமை விளங்கும். 1952 வரை ஜப்பான் அந்நியப் படையின் ஆளுகையில் இருந்தது; அதன் முற்பகுதியில், அணுகுண்டின் கொடுமையை எழுதுவதற்கே தணிக்கை குறுக்கே நின்றது. பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ உதவி வழங்கும் சட்டம் 1957இல்தான் பிறந்தது. அதற்கு முன்பே பிள்ளைகள் வாய் திறந்துவிட்டனர்.

அழைப்பு வீண்போகவில்லை. ஜப்பானில் 3,100க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்தும், ஒன்பது வெளிநாடுகளிலிருந்தும் நன்கொடை வந்து சேர்ந்தது. சிற்பி கசுவோ கிகுச்சி சின்னத்தை வடித்தார். 1949இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் ஹிடெக்கி யுக்காவா அதற்கொரு மணியை வழங்கினார். 1958 மே 5, ஜப்பானியர் கொண்டாடும் சிறுவர் திருநாளில் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. உச்சியில் ஒரு சிறுமி தலைக்குமேல் கொக்கை ஏந்தி நிற்கிறாள். அடியிலுள்ள கல் எவருடைய வீரத்தையும் பாடவில்லை. உலகில் அமைதி நிலவவேண்டும் என்னும் குரலையும் வேண்டுதலையுமே தாங்கியிருக்கிறது.

ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிக் காகிதக் கொக்குகள் அச்சின்னத்தை நாடி வருகின்றன. அணுகுண்டுக்குத் தப்பியோரின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவ்வமைப்பு 1956இல் தோன்றியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே துண்டறிக்கை ஏந்தி நின்ற பிள்ளைகளையும் வரலாறு மறவாதிருக்க வேண்டும். தோழியைக் காக்க அவர்களால் இயலவில்லை. அவளை உலகம் மறந்துவிடாமல் காக்க இயன்றது.