உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆய்வக அறிக்கை: ஒரு வடிவத்தின் வரலாறு (1871–1963)

ஆய்வுச்சுருக்கம்

உயர்நிலைப் பள்ளி உயிரியல் மாணவர் எழுதும் ஆய்வக அறிக்கை பெரும்பாலும் நோக்கம், கருதுகோள், செய்முறை, உற்றுநோக்கல், முடிவு என்னும் தலைப்புகளில் அமைகின்றது. இவ்வமைப்பு உயிரியலாளரின் பணிமுறையிலிருந்து நேரே பெறப்பட்டதன்று. வரைபடம், சேர்க்கைச் சான்று, சிந்தனைப் படிநிலை ஆகிய மூன்றும் வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததன் விளைவே அது என்பதை இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கல்வி வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: ஆய்வக அறிக்கை, உயிரியல் கல்வி, ஹக்ஸ்லி, ஜான் டூயி, செய்முறைப் பதிவேடு

வரைதலே அறிக்கையான காலம்

1871ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் தெற்குக் கென்சிங்டனில் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி பள்ளி ஆசிரியர்களுக்கென ஆறு வாரப் பயிற்சி ஒன்றை நடத்தினார். மாணவர் எழுத்துத் தேர்வில் பெறும் வெற்றியைக் கணக்கிட்டே அன்றைய அரசின் அறிவியல் கலைத் துறை ஆசிரியருக்குத் தொகை வழங்கி வந்தது. தவளையை அறுத்துப் பாராமலே அதன் குருதியோட்டத்தைக் கற்பித்துத் தொகை பெற இயலும் நிலை அது. அந்நிலையை மாற்றுவதே ஹக்ஸ்லியின் எண்ணம்.

விரிவுரை முடிந்ததும் ஆய்வகம் செல்லுதல் என்பதே அவர் வகுத்த முறை. 1876இல் நிகழ்த்திய உரையொன்றில் அதன் பாடப்பொருளை அவர் விவரித்துள்ளார். ஈஸ்ட்டிலிருந்து பெரணி வரை தாவரங்களும், அமீபாவிலிருந்து மண்புழு, நத்தை, தவளை, புறா, முயல் வரை விலங்குகளும் மேசைமீது வந்தன. மாணவர் கண்டதை வரைந்தார். உடன் நின்ற பயிற்றுநர் மாதிரியையும் படத்தையும் ஒருங்கே நோக்கித் திருத்தினார். எனவே தனி உரைநடை அறிக்கைக்குத் தேவை எழவில்லை. நுண்ணோக்கியில் கண்டதற்கும் தாளில் இட்டதற்கும் உள்ள பொருத்தமே மதிப்பீடு.

எனினும் இம்முறையிலும் ஒரு முரண் இருந்தது. ஹக்ஸ்லியும் ஹென்றி நியூவெல் மார்ட்டினும் 1875இல் வெளியிட்ட செய்முறை நூலின் ஒவ்வோர் இயலும் முதலில் உயிரியின் அமைப்பை விளக்கிவிட்டு, அதன் பின்னரே ஆய்வகப் பணிக்கான குறிப்புகளைத் தருகின்றது. காண வேண்டியது காண்பதற்கு முன்பே சொல்லப்பட்டுவிடுகின்றது. எளிய உயிரியில் தொடங்குவதா, தவளையில் தொடங்குவதா என்னும் வினா ஹக்ஸ்லியை உறுத்தியது. 1888ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு வரிசையையே தலைகீழாக்கித் தவளையிலிருந்து தொடங்கிற்று. விளக்கம் முந்துவதா, காட்சி முந்துவதா என்னும் வினாவுக்கு அத்தகைய திருத்தம் நேரவில்லை.

வாசகர் மாறிய வரலாறு

மார்ட்டின் 1876இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற்கு உயிரியல் பேராசிரியராகச் சென்றார். ஆனால் அமெரிக்கப் பள்ளி அறிக்கையின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் உயிரியலை விட இயற்பியலுக்கே பங்கு மிகுதி. 1880களின் பிற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகம், எட்வின் ஹால் தொகுத்த ஏறத்தாழ நாற்பது இயற்பியல் சோதனைகளின் பட்டியலை வெளியிட்டது. அச்சோதனைகளைச் செய்து, ஆசிரியர் சான்றளித்த பதிவேட்டைக் கொண்டுவரும் மாணவர் அதனைச் சேர்க்கைக்கு உரிய தகுதியாகக் காட்டலாயினர். ஹார்வர்டு தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் 1892இல் அமைந்த பதின்மர் குழு, இயற்கை அறிவியல் பாடங்களில் ஆய்வகத்திற்குப் பெரும்பங்கு அளிக்கப் பரிந்துரைத்தது. ஆய்வகப் பணி நாடு தழுவிய கல்விக் கொள்கையாயிற்று.

இங்கு நிகழ்ந்த முதன்மையான மாற்றம் அறிக்கையின் வாசகர் மாறியதே. ஹக்ஸ்லியின் ஆய்வகத்தில் படத்தைப் பார்த்தவர் மாதிரியையும் பார்த்தார். சேர்க்கைக்கு வந்த பதிவேட்டைப் புரட்டியவரோ அந்த ஆய்வகத்தில் கால் வைத்திராதவர். அவருக்குத் தெளிவான தலைப்புகள் வேண்டும். சீரான கையெழுத்து வேண்டும். சோதனை உண்மையில் நடந்தது என்பதற்கு ஆசிரியரின் கையொப்பம் வேண்டும். அடித்தல் திருத்தல் மிகுந்த பக்கம் உழைப்பின் சான்றாக அன்றிக் குறைபாடாகவே அவர் கண்ணுக்குப் படும். தமிழகப் பள்ளிகளில் ‘ரெக்கார்டு நோட்டு’ என வழங்கும் செய்முறைப் பதிவேட்டின் முதற்பக்கச் சான்றிதழும் இதே தேவையைத்தான் நிறைவு செய்கின்றது. இரண்டுக்கும் நேர்வழித் தொடர்பு உண்டெனக் கொள்ள வேண்டியதில்லை. வெளியார் ஒருவர் மதிப்பிடும் இடமெங்கும் பதிவேடு இவ்வாறே ஆகின்றது.

டூயியின் குமிழிகள்

கருதுகோள் என்னும் தலைப்பு வந்த வழி வேறு. 1910இல் ஜான் டூயி, மனிதர் சிந்திக்கும் முறை பற்றி ஆசிரியர்களுக்கென ஒரு நூல் எழுதினார். சிக்கலை உணர்தல், அதனை வரையறுத்தல், தீர்வொன்றை ஊகித்தல், ஊகத்தின் விளைவுகளை ஆராய்தல், மேலும் நோக்கியும் சோதித்தும் ஏற்றல் அல்லது தள்ளல் என ஐந்து படிகளை அதில் காட்டினார். இப்படிகளுக்கு அவர் தந்த சான்றுகள் அன்றாட வாழ்வினவை. குறித்த நேரத்தில் ஓரிடம் சேர எவ்வூர்தியில் செல்வது என்பது ஒன்று. படகின் முன்புறம் நீண்டிருக்கும் கம்பம் எதற்கு என்பது மற்றொன்று. மூன்றாவதே சோதனைத் தன்மை கொண்டது: சூடான சோப்பு நீரில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குவளைகளின் விளிம்பில் குமிழிகள் முதலில் வெளியே தோன்றிப் பின் உள்ளே செல்வது ஏன்? குவளைக்குள் புகுந்த குளிர்ந்த காற்று சூடேறி விரிகின்றது. பின் குளிர்ந்து சுருங்குகின்றது என்னும் ஊகம் பிறக்கின்றது. குளிர்ந்த காற்றைப் புகவிட்ட குவளைகளையும் புகவிடாத குவளைகளையும் ஒப்பிட்டு அவ்வூகம் சோதிக்கப்படுகின்றது.

பாத்திரம் கழுவுபவரின் வியப்பில் தொடங்கிய இப்படிநிலை, அடுத்த சில பத்தாண்டுகளில் பள்ளி நூல்களின் முதல் இயலில் ‘அறிவியல் முறை’ என்னும் பெயரில் நிலைபெற்றது. டூயி 1933ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் இவ்வைந்தின் வரிசை மாறாத ஒன்றன்று எனத் தெளிவுபடுத்தினார். ஆயினும் வரிசை அதற்குள் தலைப்புகளாக உறைந்துவிட்டது. சேர்க்கைப் பதிவேடு முன்பே வெட்டி வைத்திருந்த வாய்க்காலில் சிந்தனைப் படிகள் பாய்ந்தன எனலாம். வியப்பு ‘நோக்கம்’ ஆயிற்று. ஊகம் விடை தெரிந்தபின் எழுதும் ‘கருதுகோள்’ ஆயிற்று.

இவ்விணைப்பால் மிகுதியும் இழந்தது உயிரியலே. ஊசலின் கால அளவு நூல் கூறுவதிலிருந்து பெரிதும் விலகினால் அளவீட்டில் பிழை உண்டெனக் கொள்ளலாம். பத்து அவரை விதைகளில் மூன்று முளைக்காமற் போனால் அதனைப் பிழை எனத் தள்ள இயலாது. உயிரிகள் தம்முள் வேறுபடுவனவாதலின் அம்மூன்றும் தரவுகளே. எதிர்பார்த்த முடிவுக்கு மதிப்பெண் அளிக்கும் அறிக்கையில் பத்தும் முளைத்ததாக எழுதும் மாணவரே வெற்றி பெறுவார். நூலை மனப்பாடம் செய்யும் வழக்கத்தை ஒழிக்கத் தோன்றிய ஆய்வகம், காணாததைக் கண்டதாக எழுதும் வழக்கத்திற்கு இடமளித்தது.

1963

அறிவியற் கட்டுரையின் வடிவமே சிந்தனை நடந்த வழியைத் திரித்துக் காட்டுகின்றது என்னும் குற்றச்சாட்டை 1963இல் பீட்டர் மெடாவர் பி.பி.சி. உரையில் எழுப்பினார். எதிர்பார்ப்பின்றி உற்றுநோக்குவதாக நடிக்கும் கட்டுரையை அவர் ஏற்கவில்லை. விவாதப் பகுதியே முன்னர் வரவேண்டும் என்றார். பள்ளி அறிக்கையின் குறை வேறு திசையது. அது எதிர்பார்ப்பை முன்னரே கூறுகின்றது. ஆனால் அவ்வெதிர்பார்ப்பு மாணவருடையதன்று.

ஸ்புட்னிக் ஏவப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1958இல், அமெரிக்காவில் தொடங்கிய உயிரியல் பாடத்திட்ட ஆய்வுத் திட்டம் இக்குறையை நேர்கொண்டது. அத்திட்டத்திற்காக ஜோசப் ஷ்வாப் மேற்பார்வையில் உருவான ஆசிரியர் கையேடு 1963இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற 44 ஆய்வழைப்புகள், ஆய்வொன்றின் திட்டத்தையோ தரவுகளையோ மாணவர்முன் வைத்து, எதனை முடிவு செய்யலாம், எங்கே இடைவெளி உள்ளது என வினவுகின்றன. முளைக்காத விதைக்கு அங்கு இடமுண்டு. ஆனால் அவை வகுப்பறை உரையாடலுக்கென வகுக்கப்பட்டவை. மாணவர் எழுதிக் கையளிக்கவும், ஆசிரியர் கையொப்பமிடவும், வெளியார் ஒருவர் மதிப்பிடவும் தக்க தாள் எதையும் அவை கோரவில்லை.