காவலூர் மலையும் யுரேனஸின் சுழற்சியும்

ஒடுகத்தூரிலிருந்து தெற்கே நோக்குவோரின் பார்வையை மறித்து நிற்கும் ஜவ்வாது மலைத்தொடருக்குள், சந்தன மரங்கள் சூழ்ந்த காவலூர் என்னும் சிற்றூரை, நகர வெளிச்சம் எட்டாத இருண்ட பிரதேசம் தேடியலைந்த கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியும் அங்கே அமைந்தன.

1977 மார்ச் 10 அன்று, துலா ராசியிலிருந்த மங்கலான நட்சத்திரம் ஒன்றை யுரேனஸ் கிரகம் மறைக்கவிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் அந்நட்சத்திர ஒளியின் அளவைப் பதிவு செய்துகொண்டிருக்கையில், கணித்த நேரத்துக்கு முன்னதாகவே நட்சத்திரம் சில விநாடிகள் மங்கி மீண்டும் ஒளிர்ந்தது. அதைத் துணைக்கோள் ஒன்றின் நிழல் என்றே முதலில் கருதினர். அதே நிகழ்ச்சியை இந்துமாக்கடலின் மேலே விமானத்திலிருந்து கண்ட வானியலாளர் எலியட்டின் குழுவினரோ, கிரகத்தின் இருபுறமும் ஒத்த தூரங்களில் ஒளி குறைந்ததைக் கண்டு, இவை வளையங்கள் என்று தெளிந்தனர்; அவ்வாண்டிலேயே பட்டாச்சாரியாவும் பாப்புவும் வளையத் தொகுதியைப் பற்றித் தாமும் எழுதினர்.

இவ்வளையங்களின் மதிப்பு அவற்றின் அழகில் மட்டும் இல்லை, கிரகத்தின் உள்ளே நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை அறிய உதவியதிலும் இருக்கிறது என்பதே என் கருத்து. சுழலும் பொருளின் வேகத்தை மாற்றுவது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லும் அளவு நிலைமத் திருப்புத்திறன். அது நிறையை மட்டுமன்றி, நிறை அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. குயவனின் சக்கரம் விளிம்பில் கனமாயிருப்பதால்தான் ஒருமுறை சுற்றிவிட்டால் நெடுநேரம் சுழல்கிறது. ஆய்வுக்கூடத்தில் பொருளைக் கம்பியில் தொங்கவிட்டு முறுக்கி, அது ஆடும் காலத்தை அளந்து இதைக் கணிக்கலாம். கிரகத்தைத் தொங்கவிட ஏது கம்பி?

வளையமே அதற்கு உதவியது. சுழற்சியால் இடை பருத்த கிரகத்தின் ஈர்ப்பு, எப்சிலான் என்னும் நீள்வட்ட வளையத்தின் அச்சை நாளொன்றுக்குச் சுமார் 1.36 பாகை திருப்புகிறது. அத்திருப்பத்திலிருந்து அறிந்த இடைப் பருமனின் விளைவையும், 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் கண்டறிந்த 17 மணி 14 நிமிடச் சுழற்சிக் காலத்தையும் இணைத்து ஆராய்ந்தபோது, கிரகத்தின் நிலைமத் திருப்புத்திறன், நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி வரும் தொகையில் சுமார் 0.23 பங்கு என்று தெரிந்தது. எங்கும் ஒரே அடர்த்தியுள்ள கோளத்துக்கு அது 0.4, பூமிக்கு 0.33. ஆகவே யுரேனஸின் நிறை பூமியினும் மிகுதியாக மையத்தை நோக்கிச் செறிந்துள்ளது.