நோன்பு சமைத்த விருந்து

உயிர்ப்புப் பெருவிழா உணவுகளின் தோற்றத்தைத் தேடிப் போனால், பல தடங்கள் நாற்பது நாள் தவக்காலத்தின் விலக்குகளிலேயே போய் முடிகின்றன.

இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு பால், வெண்ணெய், முட்டையும் விலக்கு. கோழிகளுக்கு நோன்பு ஏது? இளவேனிலில்தான் அவை மிகுதியாக இடும். சேர்ந்துபோன முட்டைகளை அவித்து வைத்து, விழாவன்று வண்ணமிட்டுப் பகிர்ந்தார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் 1290ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது. பொற்றகடு ஒட்டியும் சாயமேற்றியும் அவை பரிசாக வழங்கப்பட்டன. கீழைத் திருச்சபையினர் மரபாக முட்டைக்குச் சிவப்புப் பூசுவர். அது கிறிஸ்துவின் இரத்தத்தின் நிறம்.

ரஷ்யாவின் 'பாஸ்கா'வில் விலக்கப்பட்ட பால்பொருள்களும் முட்டையும் ஒன்றுகூடுகின்றன. திரிந்த பாலை வடித்தெடுத்த கட்டியில் வெண்ணெய், பாலாடை, முட்டை கலந்து, கல்லறையைக் குறிக்கும் பிரமிடு வடிவ அச்சில் அழுத்தி எடுப்பார்கள். போலந்தில் புனித சனியன்று முட்டை, ரொட்டி, உப்பு, தொத்திறைச்சி நிறைந்த கூடையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். நோன்பு முறிப்பது அந்த உணவில்தான்.

ஆட்டுக்குட்டியின் வரலாறு இன்னும் பழையது. விடுதலைப் பயண நூல் கூறும் யூதப் பாஸ்கா இரவிலிருந்து வந்த உணவு அது. கிரேக்கர் ஞாயிறன்று ஆட்டை முழுதாகச் சுடுவர். அதன் குடலும் ஈரலும் வீணாகாமல், நள்ளிரவு வழிபாடு முடிந்ததும் 'மாகிரிட்சா' சூப்பாகிப் பசியாற்றும்.

ஈக்வடாரின் 'ஃபனெஸ்கா' மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது. புனித வாரத்திலேயே உண்ணும் இந்தக் கெட்டியான சூப்பில் பூசணி, உப்பிட்ட காட் மீன் ஆகியவற்றோடு பன்னிரு திருத்தூதர்களை நினைந்து பன்னிரண்டு வகைத் தானியங்களும் பயறுகளும் சேரும். இறைச்சி விலக்கே இங்கு விருந்தாகிவிட்டது.

மேலைத் திருச்சபையில் இந்த விதிகள் படிப்படியாகத் தளர்ந்தன. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் தந்த காணிக்கையில் எழுந்ததால் பிரான்சின் ரூவான் பேராலயக் கோபுரம் ஒன்றுக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். 1873இல் பிரிஸ்டலின் ஃபிரை நிறுவனம் சாக்லேட் முட்டை செய்தபோது, முட்டையைச் சேர்த்துவைக்கும் தேவையே மறைந்திருந்தது. வடிவம் மட்டும் எஞ்சியது. இன்று கடைகளை நிறைக்கும் அந்த முட்டையைக் கொண்டு பழைய உணவுகளை விளக்க இயலாது. அவற்றுக்கு உரைநூல் தவக்கால விதிகள்தாம்.