அருள் என்னும் பெயர்

மக்கட்குப் பெயரிடுதல் அடையாளம் ஒன்றன்பொருட்டே நிகழ்வதன்று. பெற்றோர் தாம் எதனை உயர்ந்ததென மதிக்கின்றனரோ அதனையே மகவின் பெயராக்கி நாடோறும் அழைத்து மகிழ்வர். திங்களூர் அப்பூதியடிகள், தாம் கண்ணாற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரையே தம் புதல்வர்க்கு இட்டனர் எனப் பெரியபுராணம் கூறும். இறைவன் பெயரும் அடியார் பெயரும் இடுதல் போலவே, பண்பின் பெயரை இடுதலும் தமிழ்நாட்டு வழக்காம். அத்தகைய பெயர்களுள் தலைமை வாய்ந்தது அருள் என்பது.

இச்சொல்லின் பொருள் யாதெனின், திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலினும், அருளுடைமையைத் துறவறவியலின் முதற்கண்ணும் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள். பொருள் செயல்வகையில் அவர் அருளை அன்பு ஈன்ற மகவாக உருவகித்தார். ஆகவே அருள் என்பது மகவுக்கு இடும் பெயராதற்கு முன்னரே நூலுள் மகவாக நின்றது என்க.

புணர்ச்சியால் இச்சொல் பல வடிவு கொள்ளும். அருள், மொழி என்பன அருண்மொழி எனவும், அருள், நந்தி என்பன அருணந்தி எனவும், அருள், செல்வன் என்பன அருட்செல்வன் எனவும் வரும். செந்நிறத்தைக் குறிக்கும் அருணம் என்னும் வடசொல்லடியாகப் பிறந்த அருணாசலம் முதலியன இவற்றின் வேறாம். கி.பி. 985 இல் அரசெய்திய முதலாம் இராசராசனது இயற்பெயர் அருமொழி எனவும் அருண்மொழி எனவும் இருவகையாக வழங்கப்படுதலின், அதனை ஈண்டுச் சான்றாகக் கொள்ளாது விடுதலே முறை.

ஐயமற்ற சான்று இரண்டுள. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமானுக்குப் பெற்றோர் இட்ட பெயர் அருண்மொழித்தேவர். பின்னர்த் தில்லைக் கூத்தப்பெருமான் அடியெடுத்துக் கொடுப்ப அவர் திருத்தொண்டர் வரலாற்றைப் பாடினார் என்பது மரபு. அருளே மொழியைத் தந்தமையின், பெயர் பொருளோடு பொருந்தியது. மற்றொருவர் திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதர். மெய்கண்டார் இளம்பருவத்தினர், பண்டிதரோ அவர் குடிக்கு ஆசிரியர். ஆணவத்தின் இயல்பு யாதென வினாவி நின்ற பண்டிதர், அதனைத் தம்மிடத்தே கண்டு செருக்கொழிந்து மெய்கண்டாரை அடைந்து அருணந்தி எனப் பெயர் பெற்றார் என்பர். முன்னவர்க்குப் பிறப்பிலே பெற்றோரும், பின்னவர்க்கு முதுமையிலே ஆசிரியரும் ஒரே சொல்லை வழங்கினமை கருதத்தக்கது.

ஈண்டு ஒரு தடை நிகழும். அருளாவது சிவபெருமானது சத்தியே எனச் சிவஞானசித்தியார் நிறுவுகின்றது. குழவியோ ஆணவத்தான் மறைப்புண்டு கிடப்பது. இறைவன் குணத்தை அதற்குப் பெயராக்குதல் பொய்யுரையாகாதோ? அப்பெயர் பூண்டான் பிற்காலத்து வன்கண்ணனாயின் அது பழிப்புக்கு இடமாகாதோ எனின், அற்றன்று.

உமாபதி சிவனார் நூறு குறளான் இயன்ற திருவருட்பயனுள் இருண்மலநிலையை மூன்றாம் அதிகாரமாகவும், அதனை அடுத்தே அருளது நிலையை நான்காம் அதிகாரமாகவும் அமைத்தார். விளக்கு வேண்டப்படுவது இருளில் உள்ளார்க்கே அன்றோ? அன்றியும், கட்டுற்ற நிலையிலும் அருள் உயிரை நீங்கியதன்று. மலம் பக்குவமெய்துமளவும் அது திரோதான சத்தியாய் மறைந்து நின்று உயிரை நடத்துகின்றது. குழவி உடம்பும் கருவியும் பெற்று இவ்வுலகில் வந்ததே அவ்வருளின் செயல். ஆகலின் இப்பெயர், குழவி தானே ஈட்டிய சிறப்பைக் கூறாது, குழவியைத் தாங்கி நிற்கும் முதலைக் கூறுகின்றது. பொறுமை, வாய்மை போல்வன பெயராயின், பூண்டவன் ஒழுக்கத்தால் அப்பெயரைக் காத்தல் வேண்டும். அருளோ, அவன் வழுக்கி வீழ்ந்துழியும் அவனை விடாது நிற்பது. ஆதலின் அது தற்புகழ்ச்சியுமன்று. பிள்ளைமேல் ஏற்றிய சுமையுமன்று.

இச்சொல்லின் இனிமை சைவர் எல்லையோடு நின்றிலது. ஆண்டவன் அருளுடையன் எனப் பொருள்படும் யோவான் என்னும் எபிரேயப் பெயரைத் தமிழ்க் கத்தோலிக்கர் அருளப்பர் என வழங்கினர். 1693 இல் ஓரியூரில் உயிர் துறந்த போர்த்துக்கீசியத் துறவி யோவான் தெ பிரித்தோவும் அருளானந்தர் என்றே பெயர் பூண்டார். ஆண், பெண் இருபாலார்க்கும் ஒப்ப இயைதலும் இதன் தனிச்சிறப்பு.

ஓசையின்பமும் எண்கணக்கும் நோக்கிப் பொருளில்லா ஒலிகளை மக்கட்குப் பெயராக இடுவார் இந்நாளிற் பலர். மூன்றெழுத்தில் அமைந்த இச்சொல் ஒலியினும் எளிது, பொருளினும் பெரிது. இதனை இட்ட பெற்றோர், பிள்ளை அறிவறிந்த பருவத்து இதன் பொருளையும் உணர்த்துவாராயின், அழைக்குந்தோறும் அழைப்பார்க்கும் கேட்பார்க்கும் அது திருவருளை நினைப்பித்து நிற்கும்.